பனியை விடக் கொடியது நாட்காட்டி

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்குகிறது. அந்த வாரத்தில் புளோரிடாவிலும் டெக்சாஸிலும் மைதானம் பச்சையாக இருக்கும். ரசிகர்கள் அரைக்கைச் சட்டையோடு கேலரியில் உட்கார்ந்திருப்பார்கள். அதே நாளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மைதானம் பனிக்கடியில் கிடக்கும். போட்டி ஒன்று, விதிமுறை ஒன்று, தொடங்கும் நாளும் ஒன்று. ஆனால் மினசோட்டா, மிச்சிகன், கனெக்டிகட், மெய்ன் போன்ற குளிர் மாநிலக் கல்லூரிகள் சொந்த ஊரில் முதல் ஆட்டம் ஆட மார்ச் பிற்பகுதி வரைகூடக் காத்திருக்க நேரும். அதுவரை ஒவ்வொரு வாரக்கடைசியும் விமானமேறித் தெற்கே போய், அடுத்தவர் மைதானத்தில் ஆடிவிட்டுத் திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். குளிர்ப் பிரதேசப் பயிற்சியாளர்களின் தலையாய சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. திறமையான ஒரு பதினேழு வயதுப் பையனை இந்த ஏற்பாட்டுக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி?

பேஸ்பாலில் பள்ளி முடித்த பையனுக்கு இரண்டு வழிகள் உண்டு. மேஜர் லீக் அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் டிராஃப்டில் தேர்வாகி நேரே தொழில்முறை ஆட்டத்துக்குப் போகலாம். இல்லையென்றால் கல்லூரியில் சேரலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால், பொதுவாக மூன்றாம் ஆண்டு முடிகிற வரையோ 21 வயது நிறைகிற வரையோ மறுபடி டிராஃப்டில் பெயர் வராது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பையனும் பெற்றோரும் கணக்குப் போடுவது அந்த மூன்று ஆண்டுகளைத்தான். எங்கே அதிகம் ஆடலாம், எங்கே மேஜர் லீக் ஸ்கவுட்டுகளின் (ஆள் தேடுபவர்களின்) கண்ணில் அதிகம் படலாம் என்ற கேள்விக்கு வெயில் மாநிலங்கள் எளிதாகப் பதில் சொல்லிவிடுகின்றன.

வடக்கின் பொற்காலம்

இது என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. கல்லூரிகளின் தேசியப் பட்டத்துக்கான ‘காலேஜ் வேர்ல்டு சீரிஸ்’ 1947-இல் முதன்முதலாக நடந்ததே மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில்தான். 1950 முதல் அது நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் நடக்கிறது. அதுவும் கடுங்குளிர் ஊர்தான். 1952-இல் மாசச்சூசெட்ஸின் ஹோலி கிராஸ் கல்லூரி பட்டம் வென்றது. அடுத்த ஆண்டு மிச்சிகன். பிறகு 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஆண்டுகளில் டிக் சீபர்ட் பயிற்சியளித்த மினசோட்டா. இடையே 1962-இல் மீண்டும் மிச்சிகன், 1966-இல் ஒஹாயோ ஸ்டேட். வட மத்திய மாநிலங்களின் ‘பிக் டென்’ கூட்டமைப்பு மட்டும் 14 ஆண்டுகளில் 6 பட்டங்களை அள்ளியது. அதன்பின் 2025 வரை அந்தக் கூட்டமைப்புக்கு ஒரு பட்டம்கூட இல்லை.

குளிர் புதிதாக வந்துவிடவில்லை. மாறியது ஆட்டத்தின் அளவு. சீபர்ட் காலத்தில் கல்லூரி பேஸ்பால் வசந்தகாலப் பொழுதுபோக்கு. ஆட்டங்கள் குறைவு, எல்லாரும் ஏறக்குறைய உள்ளூர்ப் பையன்களை வைத்தே ஆடினார்கள். செயின்ட் பால் நகரத்துப் பையன்களான டேவ் வின்ஃபீல்டும் பால் மாலிட்டரும் பக்கத்திலேயே இருந்த மினசோட்டா பல்கலைக்கழகத்துக்காக 1970-களில் ஆடினார்கள். இருவருமே பின்னாளில் மேஜர் லீகில் மூவாயிரம் ஹிட்டுகளைத் தாண்டி ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்கள். அதே ஊரிலிருந்து 2001 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வான ஜோ மாவருக்கு, தொழில்முறை ஆட்டம் வேண்டாமென்றால் போவதற்குக் காத்திருந்த கல்லூரி புளோரிடா ஸ்டேட். அங்கே அவரை அழைத்தது ஃபுட்பால் ஆட என்றாலும், ஒரு தலைமுறைக்குள் பையன்களின் பார்வை எந்தத் திசைக்குத் திரும்பியது என்பது இதிலேயே தெரிகிறது.

அந்த இடைவெளியில் தெற்கும் மேற்கும் சும்மா இருக்கவில்லை. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்களை வென்றது. 1980-களிலிருந்து லூசியானா ஸ்டேட்டில் ஸ்கிப் பெர்ட்மன் பேஸ்பாலையும் கூட்டம் சேர்க்கும் ஆட்டமாக்கினார். 1991 முதல் 2000 வரை ஐந்து பட்டங்கள் வந்தன. டிக்கெட் விற்றது, பணம் வந்தது, மைதானங்கள் பெருத்தன. அதைப் பார்த்துத் தென்கிழக்கின் மற்றக் கல்லூரிகளும் அதே வழியில் இறங்கின. சீசன் 56 ஆட்டங்களுக்கு நீண்டது. ஜூனில் முடிய வேண்டிய சீசனில் இத்தனை ஆட்டங்களைத் திணிக்க வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே தொடங்கியாக வேண்டும். வடக்கைத் தோற்கடித்தது இந்தக் கணக்கு.

கண்ணில் படாத பையன்

சிக்கலின் வேர் கல்லூரிக்கு முன்னாலேயே, பள்ளி மைதானத்தில் இருக்கிறது. ஜார்ஜியாவிலோ கலிஃபோர்னியாவிலோ ஒரு பையன் ஏறக்குறைய ஆண்டு முழுதும் வெளியில் ஆடலாம். வட மாநிலப் பள்ளி சீசனோ ஏப்ரல் வாக்கில் சூடுபிடித்து ஜூனில் முடிந்துவிடும். அதிலும் மழையும் பனியும் பாதி ஆட்டங்களை விழுங்கும். பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை கணக்கிட்டால், தெற்குப் பையன் உண்மையான பந்துவீச்சை எதிர்கொண்ட எண்ணிக்கை வடக்குப் பையனுடையதைப்போலப் பல மடங்கு. பேட்டிங் என்பது கண்ணும் கையும் பழகிப் பழகி வருகிற கலை. ஆகவே பதினாறு வயதில் இருவரையும் அருகருகே நிறுத்தினால் வடக்குப் பையன் பின்தங்கியவனாகத் தெரிவான். அவன் திறமையில் குறைந்தவனா, பழக்கத்தில் குறைந்தவனா என்று பிரித்தறிவதுதான் ஸ்கவுட்டின் வேலை. பலர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை.

மைக் டிரவுட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நியூ ஜெர்சியின் மில்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பின்னாளில் பெயர் வாங்கியவர். 2009 டிராஃப்டில் இருபத்து நான்கு பேர் போன பிறகே அவர் பெயர் கூப்பிடப்பட்டது. குளிர் மாநிலத்துப் பள்ளி ஆட்டங்களை வைத்து ஒரு பேட்ஸ்மேனை எடைபோட முடியாது என்ற தயக்கம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அவர் சேர ஒப்புக்கொண்டிருந்த கல்லூரியும் வடக்கில் இல்லை. வட கரோலினாவின் ஈஸ்ட் கரோலினா.

இந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பிய முயற்சி ஒன்று கடைசியில் அதைப் பெருக்கிவிட்டது. அயோவாவின் சீடர் ராபிட்ஸ் நகரில் ஜெர்ரி ஃபோர்டு என்பவர் 1990-களில் ‘பெர்ஃபெக்ட் கேம்’ நிறுவனத்தைக் கட்டியெழுப்பியது, அயோவாப் பையன்களை யாரும் வந்து பார்ப்பதில்லை என்ற ஆதங்கத்தில்தான். கல்லூரிப் பயிற்சியாளர்களும் ஸ்கவுட்டுகளும் ஒரே இடத்தில் வந்து பார்க்கும்படி ஷோகேஸ் போட்டிகளை நடத்தினார். யோசனை வெற்றி பெற்றது. பெற்ற வேகத்தில் பெரிய போட்டிகள் ஜார்ஜியாவுக்கும் புளோரிடாவுக்கும் நகர்ந்தன. இன்று மிச்சிகன் பையன் கவனிக்கப்பட வேண்டுமானால், அவன் குடும்பம் கிளப் அணிக்கான கட்டணம், விமானம், விடுதி எல்லாம் கொடுத்துக் கோடையில் தெற்கே போக வேண்டும். வசதியில்லாத வீட்டுப் பையனுக்கு அந்த வழியும் அடைப்பு.

அயோவா மாநிலம் வேறொரு வழியையும் கடைப்பிடிக்கிறது. அங்கே பள்ளி பேஸ்பால் வசந்தத்தில் நடப்பதில்லை. மே பிற்பகுதியில் தொடங்கிக் கோடை நடுவரை போகிறது. வானிலையோடு ஒத்துப்போகிற ஒரே ஏற்பாடு இது என்று தோன்றும். ஆனால் மற்ற மாநிலப் பையன்கள் ஷோகேஸ்களில் திரியும் அதே மாதங்களில் அயோவாப் பையன் தன் பள்ளிக்காக ஆடிக்கொண்டிருப்பான்.

குளிர் மாநிலப் பையன்களிடம் அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் தேடுகிற ஒரு பலமும் உண்டு. பந்து வீச்சாளர்களின் தோளும் முழங்கையும் ஆண்டு முழுதும் வீசித் தேய்ந்திருக்காது. வெயில் மாநிலங்களில் வளர்ந்த வீச்சாளர்களுக்கே முழங்கைத் தசைநார் அறுவை சிகிச்சை அதிகம் நேர்கிறது என்று விளையாட்டு மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பனிக்காலத்தில் வேறு ஆட்டம் ஆடி உடம்பு தேறிய பையன்களும் வடக்கில் நிறைய. மாசச்சூசெட்ஸின் டாம் கிளாவின் மேஜர் லீகில் முன்னூறு வெற்றிகளைக் கடந்த வீச்சாளர். பள்ளி முடித்தபோது அவரை ஐஸ் ஹாக்கி அணி ஒன்றும் டிராஃப்டில் எடுத்திருந்தது. இப்படிப்பட்டவர்கள் பத்தொன்பது இருபது வயதில்தான் மலர்வார்கள். அவர்களைப் பதினாறில் அடையாளம் காண்பதே வடக்கத்திப் பயிற்சியாளரின் தொழில்.

பதினொன்றே முக்கால்கூட இல்லை

பல ஆண்டுகளாக முதல் பிரிவுக் கல்லூரி அணி ஒன்று கொடுக்க அனுமதிக்கப்பட்ட ஸ்காலர்ஷிப் 11.7. அணியில் 35 பேர், அந்த 11.7-ஐ 27 பேர் வரை பங்கு போடலாம், ஒருவருக்குக் கால் பங்குக்குக் குறையக் கூடாது. ஃபுட்பாலுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் கொடுத்த அதே கல்லூரியில் பேஸ்பால் வீரன் பெரும்பாலும் மீதிக் கட்டணத்தைக் கைக்காசு போட்டே கட்டினான்.

பையன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்பது இங்கே பெரிதாகிவிடுகிறது. ஜார்ஜியா 1993-இல் லாட்டரி வருமானத்திலிருந்து ‘ஹோப்’ என்ற படிப்பு உதவித்தொகையைத் தொடங்கியது. புளோரிடா, டென்னசி, லூசியானா போன்றவையும் மாநில உதவித் திட்டங்களைக் கொண்டுவந்தன. நல்ல மதிப்பெண் வாங்கிய உள்ளூர்ப் பையனின் கட்டணத்தை மாநிலமே ஏற்றுக்கொண்டபோது, பயிற்சியாளர் தன் 11.7-இலிருந்து அவனுக்குச் சிறு பங்கு கொடுத்தால் போதுமாயிருந்தது. மிச்சத்தை வெளியூர் நட்சத்திரத்துக்குச் செலவிட முடிந்தது. அந்த அளவுக்குத் தாராளமான திட்டம் இல்லாத வட மாநிலப் பயிற்சியாளர் அதே 11.7-ஐ வைத்துக்கொண்டு வெளி மாநிலக் கட்டணம் கட்ட வேண்டிய கலிஃபோர்னியாப் பையனை அழைக்க வேண்டியிருந்தது. விதிப்புத்தகத்தில் சமம், கணக்குப் புத்தகத்தில் இல்லை. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. குடும்ப வருமானத்தைப் பொறுத்த உதவி மட்டும்தான்.

செலவு மட்டும் வடக்கில் கூடுதல். நான்கைந்து வாரம் விமானத்தில் அலைய வேண்டும், கூரைபோட்ட பயிற்சிக்கூடம் கட்ட வேண்டும், பனி உருகியதும் ஆடுவதற்குச் செயற்கைப் புல் போட வேண்டும். சொந்த மைதானத்தில் டிக்கெட் விற்கக் கிடைப்பதோ ஏப்ரல், மே மட்டுமே. இந்தக் கணக்கு ஒத்துவராமல் விஸ்கான்சின் 1991-இல் பேஸ்பாலை மூடியது. அயோவா ஸ்டேட் 2001-இலும், வெர்மான்ட்டும் வடக்கு அயோவாவும் 2009-இலும், வடக்கு டகோட்டா 2016-இலும் மூடின. ஓர் அணி மூடப்பட்டால் அந்த மாநிலத்துப் பையன் வீட்டருகே ஆடும் வாய்ப்பும் போய்விடுகிறது. தெற்குக் கல்லூரிக்கு இன்னொரு ஆள் கிடைக்கிறார்.

கூரைக்குக் கீழே

பயிற்சிக்கூடத்தில் எதை வளர்க்க முடியும், எதை முடியாது என்பதைப் புரிந்துகொண்டால் வடக்கத்தி அணிகளின் ஆள்சேர்ப்பு முறையும் புரியும். பந்துவீச்சைக் கூரைக்குக் கீழே நன்றாகவே பழகலாம். பந்தின் வேகம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் ராப்சோடோ, டிராக்மேன் போன்ற கருவிகள் வந்த பிறகு, ஜனவரி மாத மிச்சிகனில் வீசும் பையனின் அளவுகளை டெக்சாஸ் பையனுடையவற்றோடு நேரடியாக ஒப்பிடலாம். புகழ்பெற்ற பந்துவீச்சுப் பயிற்சி நிறுவனமான ‘டிரைவ்லைன்’ வாஷிங்டன் மாநிலத்தின் மழை ஊரொன்றில், ஒரு கிடங்கில் வளர்ந்தது தற்செயல் அல்ல. ஆனால் உயரமாக எழும்பும் பந்தைக் கூரைக்குக் கீழே பிடித்துப் பழக முடியாது. மண்தரையில் துள்ளி வரும் பந்தை ரப்பர் விரிப்பில் கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே பல வடக்கத்தி அணிகளின் எழுதாத சூத்திரம்: வீச்சாளரை உள்ளூரில் தேடு, துள்ளும் பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப்பை வெயிலில் தேடு.

மினசோட்டாவுக்கு மட்டும் நெடுநாள் ஒரு வசதி இருந்தது. 1982-இல் மினியாபொலிஸில் திறக்கப்பட்ட கூரையுள்ள மெட்ரோடோம் அரங்கில் அந்த அணியால் சீசன் தொடக்க ஆட்டங்களை வீட்டிலேயே ஆட முடிந்தது. மற்ற அணிகளையும் அழைக்க முடிந்தது. நாற்பத்து மூன்று சீசன் பயிற்சியாளராக இருந்து 2024-இல் ஓய்வுபெற்ற ஜான் ஆண்டர்சனின் நீண்ட வெற்றிக் கணக்கில் அந்தக் கூரைக்கும் பங்குண்டு. மெட்ரோடோம் இடிக்கப்பட்ட இடத்தில் 2016-இல் எழுந்த யு.எஸ். பேங்க் அரங்கிலும் கல்லூரி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன.

ஆள் சேர்ப்பவரையே சேர்ப்பது

இத்தனை தடைகளுக்கு நடுவிலும் வடக்கத்தி அணிகள் அவ்வப்போது ஒமாஹா வரை போகின்றன. ஜான் விங்கின் பயிற்சியில் மெய்ன் பல்கலைக்கழகம் 1976-க்கும் 1986-க்கும் இடையே ஆறு முறை போனது. இன்று நினைத்தாலும் வியப்பான கணக்கு அது. கனெக்டிகட் அணி உள்ளூர்ப் பையனான ஜார்ஜ் ஸ்பிரிங்கரை எடுத்து வளர்த்தது. 2011 டிராஃப்டில் அவர் பதினோராவது ஆள். 2012-இல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக், லூசியானா ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்திலேயே வீழ்த்தியது.

அதன்பிறகு நடப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2002-இல் நோட்ர டேமை ஒமாஹாவுக்கு அழைத்துப்போன பால் மைனியேரி 2006-இல் லூசியானா ஸ்டேட்டுக்குப் போனார். அங்கே 2009-இல் பட்டம் வென்றார். 2012-இல் ஒஹாயோவின் கென்ட் ஸ்டேட்டை அழைத்துப்போன ஸ்காட் ஸ்டிரிக்லின் மறு ஆண்டே ஜார்ஜியாவில். 2013-இல் கைல் ஷ்வார்பர் ஆடிய இண்டியானா அணியை அழைத்துப்போன டிரேசி ஸ்மித் 2014-இல் அரிசோனா ஸ்டேட்டில். 2022-இல் நோட்ர டேம், நாட்டின் முதலிட அணியான டென்னசியை வீழ்த்தி ஒமாஹா போனது. அந்தக் கோடையிலேயே பயிற்சியாளர் லிங்க் ஜாரெட் புளோரிடா ஸ்டேட்டுக்குப் புறப்பட்டார். வடக்கில் சாதித்துக் காட்டுவது தெற்கில் வேலைக்கான நேர்முகத் தேர்வு போலாகிவிட்டது. பையனிடம் ‘மூன்று ஆண்டும் உன்னோடு இருப்பேன்’ என்று சொல்லிச் சேர்க்கும் பயிற்சியாளரின் வாக்கை நம்பும் பெற்றோர், இந்தப் பட்டியலையும் பார்க்கத்தான் செய்வார்கள்.

2019 மிச்சிகன் அணி இந்தக் கதையின் உச்சம். தேசியப் பட்டப் போட்டிக்குள் கடைசியாக நுழைந்த நான்கு அணிகளில் ஒன்றாக வந்து, முதலிடத்திலிருந்த யு.சி.எல்.ஏ-வை லாஸ் ஏஞ்சலிஸிலேயே வென்று, இறுதிச்சுற்று வரை போனது. ‘பிக் டென்’ அணி ஒன்று இறுதிக்கு வந்தது 1966-க்குப் பிறகு அதுவே முதல்முறை. அதன் மூன்று முதன்மை வீச்சாளர்களான கார்ல் காஃப்மன், டாமி ஹென்றி, ஜெஃப் கிரிஸ்வெல் மூவரும் மிச்சிகன் மாநிலத்துப் பையன்கள். முதல் பேஸில் ஆடிய ஜிம்மி கெர்ரின் தாத்தா 1962-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர். இறுதியில் வாண்டர்பில்ட் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. டென்னசியில் இருக்கும் அந்த அணியைக் கட்டியெழுப்பிய டிம் கார்பினோ பனி மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவர். மிச்சிகன் பயிற்சியாளர் எரிக் பாகிச் ஒருகாலத்தில் அவரிடம் உதவியாளராக இருந்தவர். பாகிச் 2022-இல் தென் கரோலினாவின் கிளெம்சனுக்குப் போனார்.

ஓரகன் ஸ்டேட் மட்டுமே வடக்குக்குப் பட்டமில்லை என்ற விதியை நீண்டகாலம் மீறி நிற்கிறது. 2006, 2007, 2018 என மூன்று பட்டங்கள். அதன் பயிற்சியாளர் பாட் கேஸி பசிபிக் வடமேற்கின் பையன்களை மையமாக வைத்தே அணியைக் கட்டினார்: மாட்ராஸ் என்ற ஊரின் ஜகோபி எல்ஸ்பரி, ஷெர்வுட் ஊரின் அட்லி ரட்ஷ்மன். பள்ளி முடித்தபோது நாற்பதாவது சுற்றில்தான் அழைக்கப்பட்ட ரட்ஷ்மன், 2019-இல் டிராஃப்டின் முதல் ஆளானார். ஆனால் ஓரகன் ஸ்டேட் இருக்கும் கார்வாலிஸ் மழை ஊர். மினியாபொலிஸ்போல உறைகிற ஊரல்ல. அந்த முன்மாதிரியை வடக்கு டகோட்டாவுக்கு அப்படியே எடுத்துப்போக முடியாது.

தள்ளிவைக்கச் சம்மதிக்காதவர்கள்

நாட்காட்டியைத் திருத்தும் முயற்சிகள் பாதியளவில் நின்றிருக்கின்றன. 2008 வரை தொடக்க நாள்கூட எல்லாருக்கும் ஒன்றாக இல்லை. வெயில் கல்லூரிகள் ஜனவரி கடைசியிலேயே தொடங்கிவிடும். அந்த ஆண்டு பொதுத் தொடக்க நாள் வந்தது. 2013-இல் அணிகளைத் தரவரிசைப்படுத்தும் சூத்திரத்தில் வெளியூர் வெற்றிக்கு 1.3, உள்ளூர் வெற்றிக்கு 0.7 என்று மதிப்பு மாற்றப்பட்டது. மாதக்கணக்கில் அடுத்தவர் ஊரில் ஆட வேண்டியவர்களுக்கு அது ஓரளவு நியாயம் செய்தது.

பெரிய மாற்றத்தைக் கேட்டது பாகிச் முன்னின்று 2020-இல் தயாரித்த திட்டம். சீசனைச் சுமார் ஒரு மாதம் தள்ளி மார்ச் நடுவுக்குப் பிறகு தொடங்கி, ஒமாஹா ஆட்டங்களை ஜூலையில் முடிக்க வேண்டும் என்றது அது. பயணச் செலவு குறையும், வீச்சாளர்களுக்குத் தயாராக நேரம் கிடைக்கும், ரசிகர்கள் அதிகம் வருவார்கள் என்பன வாதங்கள். ஆனால் வகுப்புகள் முடிந்த பிறகும் வீரர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும்; ஜூன் வாக்கில் தொடங்கும் கோடை லீகுகள் பாதிக்கப்படும். இந்தக் கோடை லீகுகளில் பேர்பெற்ற இரண்டு, மாசச்சூசெட்ஸின் கேப் காடும் மினசோட்டா, விஸ்கான்சின் பக்கத்து நார்த்வுட்ஸும், நடப்பது வடக்கிலேயே. வடக்கில் பேஸ்பாலுக்கு உகந்த வானிலையும் கூட்டமும் கோடையில் உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பிப்ரவரியிலேயே கேலரியை நிரப்பும் தெற்குக் கல்லூரிகளுக்குத் தள்ளிவைக்க எந்தத் தேவையும் இல்லை. திட்டம் கிடப்பில் போனது.

அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் வேறு திசையில் இழுக்கின்றன. 2021 முதல் வீரர்கள் ஓராண்டு உட்காராமலே கல்லூரி மாறலாம். தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் செய்யலாம். வடக்கத்தி அணி யாரும் பார்க்காத பையனைக் கண்டுபிடித்து இரண்டாண்டு வளர்த்தால், மூன்றாம் ஆண்டு அவன் தென்கிழக்குக்குப் போய்விடலாம். கொலராடோவிலுள்ள விமானப்படை அகாடமியில் இரண்டாண்டு ஆடிய பால் ஸ்கீன்ஸ், லூசியானா ஸ்டேட்டுக்கு மாறி 2023-இல் பட்டம் வென்றார்; அந்த ஆண்டே டிராஃப்டின் முதல் ஆளானார். படிப்பு முடித்தால் ராணுவப் பணி கட்டாயம் என்பது அவர் மாறியதற்கு ஒரு காரணம். ஆனால் கதவு எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது. வடக்குக்கு ஆதரவான விதி ஒன்றும் உண்டு. 2023 முதல், பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்டு 1 வரை எந்தப் பையனிடமும் கல்லூரிகள் பேசக் கூடாது. எட்டாம் ஒன்பதாம் வகுப்பிலேயே பையன்களை வளைத்துப் போடும் வழக்கம் இதனால் தடுக்கப்பட்டது. மெதுவாக மலரும் குளிர் மாநிலப் பையனுக்கு இரண்டாண்டு கூடுதலாகக் கிடைத்தது.

2025-26 முதல் 11.7 என்ற உச்சவரம்பும் இல்லை. புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரி அணியில் 34 பேர் வரை வைத்து, விரும்பினால் அத்தனை பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். பணமுள்ள தெற்குக் கல்லூரிகளுக்கு இது வாய்ப்பு. அதே நேரம் 34-க்கும் மேல் ஆள் வைத்திருந்த அணிகள் குறைத்தாக வேண்டும். இடமில்லாமல் வெளியேறுகிறவர்களில் சிலர் வடக்குக்கு வரக்கூடும் என்று அங்கே எதிர்பார்க்கிறார்கள். இதற்கிடையே 2024-இல் யு.சி.எல்.ஏ, தெற்கு கலிஃபோர்னியா, ஓரகன், வாஷிங்டன் ஆகியவை ‘பிக் டென்’னில் சேர்ந்தன. மினசோட்டாப் பயிற்சியாளர் இப்போது பையனிடம், லாஸ் ஏஞ்சலிஸ் வெயிலில் ஆடும் வாய்ப்பும் உண்டு என்று சொல்லலாம். ஆனால் அதே பையனைத் தேடி யு.சி.எல்.ஏ பயிற்சியாளரும் வருவார்; அவர் அணியின் சொந்த மைதானமே அங்கேதான் இருக்கிறது.